விதையும் வீட்டுத் தோட்டமும்

ஆடி பிறக்க இன்னும் சில தினங்களே இருக்கின்றன. ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை நமது நாட்டில் அறியாதவர் இல்லை. அறிந்தவர்களுள் விதைக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. குடியானவனுடைய கஷ்டத்தைப் பற்றி மேடைமீது ஏறி மணிக்கணக்காகப் பேசக்கூடிய நண்பர்கள் பலரை நாம் அறிவோம். அவர்களில் அநேகருக்குக் கத்தரி நாற்றுக்கும் மிளகாய் நாற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. சில வருஷங்களுக்கு முன்புவரை நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே இருந்தோமாகையால், குற்றஞ்சாட்டும் தோரணையில் இதை எழுதவில்லை.

காய்கறி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிய பேச்சு எழுவதும், விலை இறங்கியதும் அது அடங்குவதும் நெடுநாளைய வழக்கம். 1942ஆம் வருஷத்தில் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, அதிக உணவு பயிரிடுங்கள் என்ற கோஷம் தேசமெங்கும் எழுந்தது. அதே யுத்த காலத்தில் அமெரிக்காவில் ஜனங்கள் வெற்றித் தோட்டங்கள் என்ற பெயரால் கொல்லைகளையும் புல்தரைகளையும் கொத்திக் காய்கறி போட்டார்கள். யுத்தம் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மறுபடியும் புல்தரைகளாயின. நமது காலத்திலும் பார்த்தோம். 2020ஆம் வருஷம் மே மாதத்தில் கொள்ளை நோய் காரணமாகச் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது, செப்டம்பரில்தான் திறந்தது. அந்த மாதங்களில் மாடிதோறும் பைகளும் தொட்டிகளும் தோன்றின. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சர்க்கார் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்யவேண்டியிருந்தபோது, மறுபடியும் அதே உற்சாகம். இன்று அந்தப் பைகளில் எத்தனையில் செடி இருக்கிறது? காய்ந்த மண்ணும், பூனை படுத்த பள்ளமுமே அநேக வீடுகளில் மிச்சம்.

விலைக்குப் பயந்து போட்ட தோட்டம் விலை இறங்கியதும் போய்விடுவது இயற்கைதான். ஆனால் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. முதல் போகம் முடிந்ததும் தோட்டக்காரரிடம் அடுத்த போகத்துக்கு விதை இல்லை. மறுபடியும் கடைக்குப் போகவேண்டும். போக மனமில்லாமலோ, நேரமில்லாமலோ தோட்டம் நின்றுவிடுகிறது. மண்ணும் தொட்டியும் தண்ணீரும் நம்முடையவை. விதை மட்டும் பிறருடையது என்ற நிலையில் நடக்கும் தோட்டத்துக்கு நாம் சொந்தக்காரர் அல்ல, குத்தகைக்காரரே என்பது நமது அபிப்பிராயம்.

நமது பாட்டியார் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சமையலறைப் பரணில் சிறு பானைகள் இருக்கும். சாம்பலில் புரட்டிய அவரை விதை ஒன்றில், கத்தரி விதை துணி முடிச்சாக மற்றொன்றில். பூசணி விதைகள் சாணத்தில் பதிக்கப்பட்டுக் கொல்லைச் சுவரில் வரட்டியோடு வரட்டியாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு சுரைக்காய் முற்றிக் குடுக்கையாகி உத்தரத்தில் தொங்கும். அந்த அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பேரனாகிய நாம் சட்டப் பரீட்சையில் தேறினோம். ஆனால் நாம் முதன்முதலாகத் தோட்டம் போட முனைந்தபோது, கடைவீதியில் மூன்று வர்ணப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வந்து விதைத்து, முப்பது விதையில் நாலே முளைகளைக் கண்டோம். பொட்டலத்தைப் பிறகு எடுத்துப் பார்த்ததில், காலாவதித் தேதி முடிந்து ஏழு மாதமாகியிருந்தது. பிறருடைய தஸ்தாவேஜுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதற்குக் கூலி வாங்கும் நாம், நமது விதைப் பொட்டலத்தைப் படிக்கவில்லை.

ஆகவே முதலாவது காரியம் பொட்டலத்தைப் படிப்பது. 1966ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின் கீழ், அறிவிக்கப்பட்ட ரகங்களின் பொட்டலத்தில் ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், தூய்மை, பரிசோதனை செய்த தேதி, எதுவரையில் செல்லும் என்பவை இருக்கவேண்டும். குறைந்தபட்ச முளைப்புத் திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் நூற்றுக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 என்று விதிக்கப்பட்டிருக்கிறது. பரீட்சை செய்வதும் சுலபமே. இருபது விதைகளை நனைத்த துணியில் சுருட்டி, ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மிளகாய்க்கு மாத்திரம் இன்னும் சில நாள் பொறுக்கவேண்டும். சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதை, பூஞ்சணம் தாக்காதபடி மருந்திடப்பட்டது. அதைத் தொட்ட கையை உடனே கழுவவேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டவிடலாகாது.

பொட்டலத்தில் கவனிக்கவேண்டிய மற்றொரு குறி உண்டு. எஃப்-1 என்றோ, வீரிய ஒட்டு என்றோ, ஹைபிரிட் என்றோ எழுதியிருந்தால், அது இரண்டு வேறு தாய் தகப்பன் வழிகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை விதை. காய்ப்பு அதிகம், ஒரே சீராகவும் காய்க்கும். ஆனால் அந்தக் காயிலிருந்து எடுத்த விதையைப் போட்டால், அடுத்த தலைமுறை பல ரூபமாகப் பிரிந்துவிடும். தாய்ச்செடியின் குணம் நிற்காது. இந்த விதைகளை விஷம் என்று சொல்லித் திரிகிறவர்களோடு நாம் சேரவில்லை. ஏக்கர் கணக்கில் பயிரிட்டு மார்க்கெட்டுக்குப் போகும் விவசாயி லாப நஷ்டம் பார்த்து அதை வாங்குவானானால் அது அவனுடைய உசிதம். கொல்லையில் பத்துச் செடி வைக்கிறவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. அவருக்கு ஒரே தினத்தில் பத்துக் கிலோ கத்தரிக்காய் வந்தால் என்ன செய்வார்? நாட்டு ரகங்களும், நமது விவசாயப் பல்கலைக்கழகமும் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி ஸ்தாபனமும் வெளியிட்டுள்ள கலப்பற்ற ரகங்களுமே அவருக்குப் போதும். பெரியகுளத்து பி.கே.எம்.-1 முருங்கை அத்தகையது. விதை போட்ட வருஷமே காய்க்கிறது.

இனி விதைக்கும் முறை. எல்லாவற்றையும் ஒரே மாதிரியாகப் போட்டுவிட்டு, இது வந்தது, அது வரவில்லை என்று சொல்வதில் பயனில்லை. வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை, பாகல், புடல், பீர்க்கு, சுரை இவற்றை இருக்கவேண்டிய இடத்திலேயே ஊன்றவேண்டும். வேரைப் பிடுங்கி நடுவதை இவை பொறுப்பதில்லை. பாகல், புடல் விதைகளுக்குத் தோல் கெட்டி. முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்தல் நலம். கீரை விதை பொடியாகையால் மணலோடு கலந்து தூவவேண்டும். தூவியபின் எறும்பு இழுத்துப் போகாமல் சுற்றிச் சாம்பல் போடுவது பழைய வழக்கம், இன்றைக்கும் பலிக்கிறது. பந்தல் அவரையைச் சித்திரையில் போட்டுவிட்டு, இலைதான் வருகிறது, பூவைக் காணோம் என்று நம்மிடம் ஒரு நண்பர் புகார் சொன்னார். பழைய பந்தல் அவரை, பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் பூக்கும். ஆடியில் போட்டவருக்கு மார்கழியில் காய். சித்திரையில் போட்டவருக்கும் அந்த மார்கழியில்தான்.

கத்தரி, தக்காளி, மிளகாய், வெங்காயம் என்பவை நாற்றுவிட்டு நடவேண்டியவை. தோட்டக்காரனுடைய பொறுமை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. அகன்ற மண்சட்டியோ, இப்போது எங்கும் கிடைக்கும் குழித்தட்டோ போதும். அடியில் தண்ணீர் வடியத் துவாரம் அவசியம். சலித்த செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பவேண்டும். மாடியில் கனம் கூடாது என்று மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவைச் சேர்க்கிறவர்கள், அதை இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிவிட்டுச் சேர்க்கவேண்டும். அப்படிச் செய்யாமல் நாற்று கருகிப்போனதைப் பல வீடுகளில் பார்த்தோம். விதையின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதும். அதற்குக் கீழே புதைத்த விதை, வெளிச்சத்தைத் தேடி வருவதற்குள் தன் கைமுதலைச் செலவழித்துவிடும். விதைத்தபின் மேலே ஈரச்சாக்கை மூடி, முளை தென்பட்ட அன்றைக்கே சாக்கை எடுத்துவிடவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து நெட்டையாகி விழும்.

அடுத்த அபாயம் அன்பினால் வருவது. நாம் நமது முதல் நாற்றுக்குத் தினம் மூன்று வேளை தண்ணீர் விட்டோம். எட்டாம் நாள் காலையில் பார்த்தால், தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூல்போல் இளைத்து, பாதி நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. இதற்கு நாற்றழுகல் என்று பெயர். நெருக்கமாக விதைத்து, ஓயாமல் ஈரம் வைத்து, காற்றும் வெயிலும் படாத இடத்தில் வைத்தால் எந்த நாற்றுக்கும் இந்த நோய் வரும். மேல்மண் சற்று வெளுத்த பிறகு, பூவாளியால் காலையில் ஒரு தரம் தெளித்தால் போதுமானது.

தக்காளி சுமார் 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். கடைசி நாலைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டி நாற்றைத் திடப்படுத்தவேண்டும். நடுவது சாயங்காலத்தில். தக்காளியை மாத்திரம் முதலிலைகள்வரை ஆழமாக நடலாம். மண்ணில் புதைந்த தண்டும் வேர்விடும். மூன்று நாளைக்கு ஓலையால் நிழல் கட்டுவது உத்தமம். நாற்றுவிட அவகாசமில்லாதவர்கள் நர்ஸரியில் நாற்று வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. பூவிட்டுவிட்ட நாற்று, இலை சுருண்ட நாற்று, இலையின் அடியில் வெள்ளை ஈ பறக்கும் நாற்று இவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்கவேண்டும். நாட்டுக் கத்தரி என்றால் எந்த நாட்டுக் கத்தரி என்று கேட்கவேண்டும்.

நாலு தொட்டி வைத்துவிட்டால் குடும்பத்தின் காய்கறித் தேவை தீர்ந்துவிடும் என்று எழுதுவோர் எழுதட்டும். ஒருவர் தினமும் காய்களும் பழங்களுமாக 400 கிராமாவது உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு அது 2 கிலோ. தினம் இரண்டு கிலோவை எந்த மொட்டை மாடியும் கொடுத்துவிடாது. தொட்டி, எரு, நிழல்வலை என்று கணக்கெழுதினால் முதல் வருஷத்தில் நஷ்டமே காணும். கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும் வாங்கும் செலவு குறையும். வாரத்தில் இரண்டு தினம் கறிக்கு ஆகும். அவ்வளவுதான். அதைக் குறைவென்று நினைப்பவர்கள் முளைக்கீரையில் தொடங்கட்டும். இருபத்தைந்து நாளில் அறுத்துக் குழம்பில் போடலாம். அவ்வளவு சீக்கிரம் பலன் தரும் பொதுக்காரியம் வேறு ஏது?

இங்கே நமது நேயர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. ஆண்பிள்ளை உற்சாகமாகத் தோட்டம் ஆரம்பிப்பதும், பதினைந்தாம் நாள் அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விடுவதும், அதுமுதல் தண்ணீர் ஊற்றும் வேலை மனைவியார் தலையில் விழுவதும் நாம் பல வீடுகளில் கண்டது. சமையலும் குழந்தைகளும் போதாவென்று இருபது தொட்டிகளையும் அவர்மீது சுமத்துவது நியாயமாகாது. தானே காலையில் எழுந்து அரைமணி நேரம் வேலை செய்ய முடியாதவர், இருபது தொட்டி வைக்கவேண்டாம். இரண்டு வைத்தால் போதும்.

தோட்டத்தில் காய் வந்ததும் பெரும்பாலோர் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். நாம் முக்கியமாகக் கருதும் வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது. உள்ளதில் நல்ல செடியைப் பார்த்து, அதில் நல்ல காய் ஒன்றிரண்டைத் துணி கட்டி அடையாளம் வைத்து, விதைக்கென்று விட்டுவிடவேண்டும். நல்லதையெல்லாம் தின்றுவிட்டுச் சொத்தைக் காயை விதைக்கு விடுகிறவர், தம் தோட்டத்தை வருஷா வருஷம் தாமே இறக்குகிறவர். கத்தரிக்காய் மஞ்சளாகிக் கனிய வேண்டும். அறுத்து, தண்ணீரில் பிசைந்தால் மிதப்பது பதர், அடியில் தங்குவது விதை. தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்புப் போக, சாற்றோடு ஒரு நாள் இரண்டு நாள் புளிக்கவைத்துப் பிறகு கழுவவேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கும் பருவத்துக்கு வரவேண்டும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, கடைசியில் இளவெயிலில் காட்டி, ஈரமில்லாத ஜாடியில் அடைத்து, மேலே ரகத்தின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டவேண்டும். விதைக்குச் சத்துரு ஈரமே. வெங்காய விதை ஒரு வருஷத்துக்குமேல் நம்பத் தகாதது. கத்தரி மூன்று வருஷம் தாங்கும்.

தேனீக்களின் குறும்பையும் கவனிக்கவேண்டும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தம் மகரந்தத்திலேயே காய்ப்பவை. மிளகாயும் கத்தரியும் அக்கம்பக்கத்து ரகத்தோடு கலந்துவிடக்கூடும். ஆகையால் விதை எடுக்கும் வருஷத்தில் ஒரே ரகம் வைத்தல் நலம். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலர்கின்றன, பரங்கி விடியற்காலையில். அந்த வேளையில் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவின்மீது தடவி, பூவின் வாயை நூலால் கட்டிவிட்டால், கலப்பில்லாத விதை கிடைக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்புவித்தால் தாவர சாஸ்திரப் பாடம் தனியாக நடத்தவேண்டியதில்லை.

ஒரு பிடி விதைக்கு இத்தனை பிரயாசை எதற்கு என்று சிலர் கேட்கலாம். குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சிறு விவசாயிகள் சிலர்மீது, தன் பாத்தியதைக்குட்பட்ட ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று பெப்ஸிகோ கம்பெனி 2019ஆம் வருஷத்தில் வழக்குத் தொடர்ந்தது. தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்குமேல் நஷ்டஈடு கேட்கப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். தேசமெங்கும் கண்டனம் எழவே, மே மாதத்தில் கம்பெனி வழக்குகளை வாபஸ் வாங்கிக்கொண்டது. விவசாயிகள் பக்கம் நின்றது 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம். அதன் 39வது பிரிவு, விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், பங்கிடவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டென்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரையிட்ட பொட்டலமாக விற்பது மட்டுமே அதில் விலக்கு. விவசாயி யார் என்பதற்கு அச்சட்டம் சொல்லும் அர்த்தத்தில், தன் கையால் மண்ணைக் கொத்திப் பயிரிடுகிறவனும் அடக்கம். பத்துத் தொட்டி வைத்திருக்கும் குமாஸ்தா அதில் அடங்குவாரா என்று நமது சகோதர வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். அடங்குவார் என்ற கட்சியை நாம் எடுத்துக்கொள்ளத் தயார்.

கத்தரிக்காய் விஷயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. தண்டிலும் காயிலும் துளைக்கும் புழுவுக்கு மாற்று என்று சொல்லி மரபணு புகுத்திய பி.டி. கத்தரியைக் கொண்டுவர முயன்றபோது, பல நகரங்களில் பொதுஜன விசாரணை நடத்தி, 2010 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அதை நிறுத்திவைத்தது. அப்போது மேடைகளில் நாட்டுக் கத்தரியின் பெருமையைப் பேசியவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு முடிச்சுக் கத்தரி விதை இருந்தது? வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கும் சந்தோஷமே. ஆனால் அந்தக் கத்தரி இத்தனை காலம் இருந்துவந்தது குறியீட்டினால் அல்ல. போகத்துக்குப் போகம் ஒருவர் காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்ததனால் இருந்துவந்தது. ஒரு பத்து வருஷம் அந்த வேலை நின்றால், காகிதத்தில் குறியீடு இருக்கும், காய் இராது.

விதையைப் பற்றிய சட்டமும் என்றும் இருந்தபடியே இருக்கப்போவதில்லை. 2004ஆம் வருஷத்தில் ராஜ்ய சபையில் வந்த விதை மசோதா நிறைவேறாமல் போயிற்று. 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் வேறொரு நகலைப் பொதுஜன அபிப்பிராயத்துக்கு வெளியிட்டது. விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளும் உரிமைக்கு வார்த்தையில் குறைவு வாராமல் பார்ப்பது பொது ஊழியர்களின் கடமை. வார்த்தையில் இருக்கும் உரிமையை வீட்டில் அநுபவித்துவருகிறவர்கள் சிலராவது இருந்தால் அவர்கள் பேச்சுக்கு வலு உண்டாகும். அநுபவத்தில் இல்லாத பாத்தியதை நாளடைவில் என்னாகும் என்பதை வக்கீல்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

சென்ற போகத்தில் நமது கொல்லையில் ஊதா வரிக் கத்தரி ஆறு செடி நின்றது. நமது தாயார் ஊரிலிருந்து வந்த விதை. பெயர் தெரியாத ரகம். மூன்று காய்களைப் பழுக்கவிட்டு எடுத்ததில் நமது தேவைக்குமேல் இருக்கிறது. இருபது விதையைத் துணியில் சுருட்டிப் பார்த்தோம், பதினேழு முளைத்தன. தன் சொந்த இடத்தில், தான் விளைவித்த விதையை, விதைப்பதற்கென்று மற்றொருவருக்கு நேராகக் கொடுப்பவனை 1966ஆம் வருஷத்துச் சட்டமே அதன் 24வது பிரிவில் விலக்கியிருப்பதால், ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது வீட்டுத் திண்ணைக்கு வரும் நேயர்களுக்கு ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுப்பதாயிருக்கிறோம். வருகிறவர்கள் தங்கள் வீட்டு விதை ஏதேனும் இருந்தால் காகிதத்தில் மடித்து, பெயரும் பறித்த மாதமும் எழுதிக் கொண்டுவரலாம். வெண்டை விதை நம்மிடம் தீர்ந்துவிட்டது.